சலாம் சொல்லக் கூடாத நேரம்

முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று.

நஸ்ருதீனின் வலது கை மரச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இடது கையின் இரண்டு விரல்களுக்கிடையில் செம்புக் கம்பி வழுக்கிக்கொண்டு போகிறது. வாய் எண்ணுகிறது. கடை வாசலில், பூட்டு மாட்டும் கொக்கியில், ஒரு சிவப்புத் துணி தொங்குகிறது. அந்தத் துணி தொங்கும்போது அவருக்கு யாரும் சலாம் சொல்லக் கூடாது. சொன்னால் பதில் சொல்ல வேண்டும், அது மார்க்கம். பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும், அது தொழில். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு முழிக்காமல் இருக்கத்தான் துணி. தமிழ் ஆட்களுக்கும் இதே சட்டம்தான். வணக்கமும் கூடாது, "என்ன நானா, சுகமோ" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்பதும் கூடாது. தெரியாமல் வந்த யாராவது வாயைத் திறந்தால் நஸ்ருதீன் இடது முழங்கையை உயர்த்துவார். முழங்கை உயர்ந்தால் வாயை மூட வேண்டும் என்பது ஐந்து சந்திப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எண்ணுவதற்கென்று சக்கரத்திலேயே ஒரு மீற்றர் இருந்தது. அது பழுதாகிப் பதினான்கு வருடமாகிறது. திருத்தலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறார்: "மிசின் எண்ணினால் மனிசன் நித்திரை கொள்ளுவான்."

தொழில், மோட்டர் வைண்டிங். எரிந்துபோன தண்ணீர் மோட்டரைத் திறந்து, கரிந்த கம்பியை வெட்டி எடுத்து, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது. அரியாலையிலிருந்தும் வரும், கீரிமலைப் பக்கத்திலிருந்து செம்மண் அப்பியபடியும் வரும். மோட்டரை மேசையில் வைத்தவுடன் அவர் ஆணியில் கை வைப்பதில்லை. முதலில் குனிந்து மணந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, திறந்துகொண்டு ஒரு முறை. பிறகு மரண விசாரணை அதிகாரி போலத் தீர்ப்பு வரும். "இது குடிச்சுச் செத்தது" என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. "இது மாரடைப்பு" என்றால் பெயரிங் இறுகியிருக்கிறது. "இது பட்டினியிலை செத்தது" என்றால் வோல்டேஜ் குறைந்த லைனில் மூச்சு வாங்கி வாங்கி இழுத்துக் கரிந்திருக்கிறது. குடாநாட்டில் அநேகமான மோட்டர்கள் பட்டினியில்தான் சாகின்றனவாம். தோட்டக்காரர்கள் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தான் சுற்றிய ஒவ்வொரு மோட்டரின் வயிற்றிலும் சிவப்புப் பெயின்றால் 'ந' என்று எழுதித் திகதியும் போடுவார். இருபத்தாறு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பது அவருடைய பெருமை. வந்திருக்கின்றன. ஆனால் வந்தவை எல்லாவற்றிலும் குற்றம் வேறு யாரிலோ இருந்தது. "என்ரை சுத்து பிழைக்காது" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் கதைக்க இடமில்லை. புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் கற்ற தொழில். அங்கே பிழைவிட்டவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. அந்தப் பயம் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அவரை விடவில்லை. அதைப் பெருமை என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சுற்றிய கம்பியை மோட்டருக்குள் இறக்கிய பிறகு, அதன் நுனிகளைப் பருத்திக் கயிற்றால் இறுக்கிப் பின்னிக் கட்ட வேண்டும். இருபது வருடமாக அந்த வேலை அவர் மனைவியுடையதாக இருந்தது. பெயர் சித்தி. சித்தி கட்டிய முடிச்சைப் பார்த்தே இது இன்னாருடைய கடை மோட்டர் என்று வேறு கடைக்காரர்கள் சொல்வார்கள். மூன்று வருடமாகச் சித்தியின் வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்று டொக்டர் சொன்னார். குளிசை போட்டால் இரண்டு மணித்தியாலம் கை சொல்வதைக் கேட்கும், பிறகு தன்பாட்டில் ஆடும். கயிறு கட்டும் வேலையை நஸ்ருதீன் தானே எடுத்துக்கொண்டார். அசிங்கமாகக் கட்டுகிறார். சித்தி உள்வாசலில் கதிரையைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. மகள் பர்ஹானா கொழும்பிலிருந்து போன் எடுத்தால் மட்டும் சொல்வார்: "வாப்பா என்னை அலுமாரிக்குள்ளை வைச்ச கோப்பை மாதிரி வைச்சிருக்கிறார். எடுக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை."

இந்தக் கடைக்குள்தான் ஒரு கணினியும் இருக்கிறது.

பர்ஹானா வீட்டு வரைபடம் கீறப் படித்த காலத்தில் வாங்கியது. வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போகும்போது கணினி பின்னறையில் நின்றுவிட்டது. போகும் முன் அதில் ஒரு மென்பொருளைப் போட்டு, வாப்பாவுக்கு அதன் சங்கதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு மாபெரும் கணக்கு இருக்கிறது. ஒரே இயந்திரத்தில் போட்டால் நூறு வருடத்திலும் முடியாது. ஆகவே அதைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு இணையத்தால் அனுப்புகிறார்கள். கணினி துண்டைச் செய்து திருப்பி அனுப்பும், அடுத்த துண்டு வரும். கணக்கைச் செய்வது, படம் காட்டுவதற்கென்று உள்ளே பொருத்தியிருக்கும் கிராபிக்ஸ் கார்ட். எந்த நோய்க்கான கணக்கு வேண்டும் என்று நாமே தெரிந்தெடுக்கலாம். நஸ்ருதீன் எதைத் தெரிந்தெடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை.

கடைக்கு வருபவர்கள் பின்னறையில் காற்றாடி இரைவதைக் கேட்டு என்ன என்றால், அவர் விளக்கம் சொல்வார். "புரதம் எண்டது ஒரு நூல். அது உடம்புக்குள்ளை தானாகவே மடியும். சரியா மடிஞ்சால் வேலை செய்யும், பிழையா மடிஞ்சால் நோய், வருத்தம். எங்கடை கம்பிக் கொயில் மாதிரித்தான். சுத்துப் பிழைச்சால் எரியும். எங்கை பிழைக்குது எண்டு உது எண்ணிக்கொண்டிருக்கு." வெங்காயத் தோட்டக்காரர் அருளம்பலம் ஒரு முறை கேட்டார், உதாலை அக்காவின் கைக்குக் குணம் வருமோ என்று. "இவவுக்கு உதவாது. எனக்குத் தெரியும். இதெல்லாம் மருந்தாக வர இருபது வருசம். ஆரின்ரையோ கையாவது ஆடாமல் நிக்கட்டும்." சொல்லிவிட்டு மணந்து பார்க்க ஏதாவது மோட்டர் இருக்கிறதா என்று திரும்பிவிட்டார்.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. எடுத்த துண்டுகளில் நூற்றுக்கு எண்பதையாவது முடித்துக் கொடுக்க வேண்டும். குறைந்தால் அது நம்பிக்கையில்லாத கணினி என்று கணக்கில் விழும், வேலையும் குறையும். நஸ்ருதீனின் கணினி இரண்டு வருடமாகத் தொண்ணூற்றெட்டில் நின்றது. போன நோன்பு மாதத்தின் பிறகு அது இடையில் நிற்கத் தொடங்கியது. திரை ஒரு முறை கறுக்கும், திரும்பி வரும், கார்ட் பதில் தரவில்லை என்று ஒரு வரி கிடக்கும். அரைவாசியில் இருந்த துண்டு செத்திருக்கும். தொண்ணூற்றெட்டு தொண்ணூறாகி, எண்பத்தாறாகி, ஒக்டோபரில் எண்பத்தொன்றுக்கு வந்தது. சித்திக்காகச் செய்யும் வேலைக்கு நம்பிக்கையில்லை என்று எங்கோ ஒரு வெள்ளைக்காரன் எழுதப்போகிறான் என்பது நஸ்ருதீனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

முதலில் அவர் கணினியை மணந்து பார்த்தார். ஒரு மணமும் இல்லை. ஆகவே லியோனைக் கூப்பிட்டார்.

லியோனுக்கு ரவுனில் கணினிக் கடை. நல்ல பிள்ளை, கெட்டிக்காரன், ஆனால் எல்லா நோய்க்கும் சூடுதான் காரணம் என்று நம்புகிறவன். கார்ட்டின் ஓட்டு மென்பொருளை மாற்றினான். பழையதைப் போட்டான். அதற்கும் பழையதைப் போட்டான். கார்ட்டைக் கழற்றித் தூசி ஊதினான், பசை பூசினான், கணினியின் பக்கத் தகட்டை எடுத்துவிட்டு மேசைக் காற்றாடியை அதன் முகத்துக்கு நேரே வைத்தான். கார்ட், கொழும்பில் யாரோ இணையக் காசு உண்டாக்க இரவுபகலாக ஓட்டிக் கழித்துவிட்ட பழசு என்று கண்டுபிடித்து, "நானா, உது இளைச்சுப்போன மாடு" என்று வேகத்தையும் குறைத்தான். பரிசோதிக்க ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டான். காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரைக்கும் யாரோ ஒரு வீரன் நஸ்ருதீனின் பின்னறையில் ஓடி ஓடிச் சுட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. லியோன் தேநீர் குடித்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பவும் நின்றது.

கடைசியாக லியோன், நிற்கிற நேரங்களை எழுதி வைக்கச் சொன்னான். கணினியே நேரத்தைப் பதிந்து வைத்திருக்கும். நஸ்ருதீன் அதைப் பார்த்து நாற்பது பக்கக் கொப்பியில் எழுதினார். ஓகஸ்ட் 14, மாலை 6.12. செப்டெம்பர் 10, மாலை 5.59. ஒக்டோபர் 3, வெள்ளி, மத்தியானம் மூன்று தரம். கொப்பியைப் பார்த்து லியோன் தலையைச் சொறிந்தான்.

"நானா, கோவிக்கக் கூடாது. உங்கடை மிசினுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது போலை கிடக்கு."

"விசர்க் கதை கதையாதையும். உமக்குத் தெரியேல்லை எண்டு சொல்லும்."

"தெரியேல்லை நானா."

அது ஒரு நேர்மையான பதில். நஸ்ருதீன் அவனுக்கு இன்னொரு தேநீர் கொடுத்தார்.

ஒக்டோபர் எட்டாம் திகதி மாலைத் தொழுகையான மஃரிபை முடித்துவிட்டு வந்தார். திரை கறுத்து வந்திருந்தது. கொப்பியை எடுத்து எழுதினார். சித்தி கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"இண்டைக்கு எத்தினை மணிக்கு?"

"அஞ்சு நாப்பத்தொண்டு."

"போன மாசம் ஆறுக்குக் கிட்டவெல்லோ நிண்டது?"

"ஓம். அதுக்கு முதல் ஆறு பன்ரண்டு."

 சித்தி நாடியை நிமிர்த்திச் சுவரைக் காட்டினார். கையால் காட்டினால் கை எங்கே காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால், இப்போதெல்லாம் நாடிதான். "உது அந்தக் கலண்டரைப் பாத்தெல்லோ நிக்குது" என்றார்.

சுவரில் இருந்தது தொழுகை நேரக் கலண்டர். நஸ்ருதீன் கொப்பியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் பிடித்தார். சூரியன் முந்தி முந்தி விழ, மஃரிப் முந்தி முந்தி வர, கணினியும் முந்தி முந்தி நின்றிருக்கிறது. மத்தியானத்தில் நின்றவை லுஹர் தொழுகைக்கு. எல்லாம் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்குக் கால்மணித்தியாலம் முன்னால். ஐந்து நேரம் தொழுகிறவர், அந்த நேரங்களை நாடி நரம்பில் வைத்திருக்கிறவர், இரண்டு மாதம் அவற்றைத் தன் கையால் எழுதியும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாததற்குக் காரணமும் அதுதான்: அந்த நேரத்தில் அவர் ஒரு நாளும் கடையில் இருந்ததில்லை. முதல் வரிசையில் நிற்பதற்காகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்.

"பாங்குக்குக் கால்மணித்தியாலம் முந்தி பள்ளியிலை பாங்கு சொல்லுற ஜெஸீம் மோட்டர் போடுவார்" என்றார் சித்தி. "கைகால் கழுவி ஒழூச் செய்யிற தொட்டிக்குத் தண்ணி. வெள்ளிக்கிழமை சனம் கூட, மூண்டு தரம் போடுவார். லைற் ஒருக்காக் குறைஞ்சு பிறகு வரும்."

"உமக்கு இது முதலே தெரியுமோ?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறன். நீங்க கேக்கேல்லை."

அடுத்த நாள் மாலை நஸ்ருதீன் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கடைச் சுவரில் தொங்கும் வோல்ட் மீற்றருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பள்ளிவாசல் கடையின் பின்மதிலோடு ஒட்டியது. இரண்டுக்கும் கரண்ட் ஒரே தூணிலிருந்து வருகிறது. ஐந்து நாற்பதுக்கு மதிலுக்கு அப்பால் மோட்டர் உறுமியது. ஊசி இருநூற்று இருபத்தாறிலிருந்து நூற்று அறுபத்தைந்துக்கு விழுந்தது. மோட்டர் தொடங்கினால் ஊசி கொஞ்சம் விழுவது வழமைதான், நல்ல மோட்டர் என்றால் கண் மூடித் திறக்க ஏறிவிடும். இது ஏறவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நாலில்தான் ஏறியது. பின்னறையில் திரை கறுத்தது.

"பட்டினி" என்றார் நஸ்ருதீன், ஒருவருக்கும் இல்லாமல். குடாநாட்டு மோட்டர்களுக்கெல்லாம் மணந்து சொன்ன நோய், தன் வீட்டுக்குள் ஏழு மாதமாகக் கிடந்திருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதைத்தான்.

ஆனால் அவரை முக்காலியிலிருந்து எழும்பவிடாமல் செய்தது அது அல்ல. அந்த உறுமல். பள்ளிவாசல் மோட்டரின் வயிற்றில் சிவப்புப் பெயின்றால் 'ந' என்று எழுதியிருக்கிறது. நோன்பு மாதத்தில் எரிந்துபோனதை ஒரு சதமும் வாங்காமல் சுற்றிக் கொடுத்தவர் அவர். சித்தியின் கை நடுக்கம் நிற்க வேண்டும் என்று நிய்யத்து வைத்துச் செய்த தர்மம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒழூவின்போதும் அந்த மோட்டர் கொஞ்சம் உறுமுவதை அவர் காது கேட்டது. அடித்தளத்து ஆணி தளர்ந்திருக்கும் என்று காதுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒரே கைக்காகச் செய்த இரண்டு காரியம். ஒன்று மற்றதைக் கொன்றுகொண்டிருக்கிறது.

மறுநாள் லியோனுக்கு விஷயத்தைச் சொன்னார், மோட்டர் யாருடைய சுற்று என்பதைத் தவிர. லியோன் சந்தோசப்பட்டான். "அவ்வளவுதானே நானா. பற்றறி வைச்ச யூபிஎஸ் ஒண்டு பூட்டுவம். பள்ளிக்காரருக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

சித்தியிடம் அதைவிட மலிவான யோசனை இருந்தது. "பாங்கு நேரத்துக்கு அதை நிப்பாட்டி வையுங்கோவன். அதுவும் தொழட்டும்."

நஸ்ருதீன் சித்தியின் யோசனையை எடுத்துக்கொண்டார். நான்கு நாள், தொழுகைக்குப் புறப்பட முன் கணக்கை நிறுத்திவிட்டு, வந்து தொடக்கிவிட்டார். ஒரு துண்டும் சாகவில்லை. ஊருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறு வருடப் பேரும் அப்படியே இருந்தது. ஒரு கெட்டிக்காரன் அதோடு விட்டிருப்பான். ஆனால் தொட்டிக் கரையில் இருந்து முகத்துக்குத் தண்ணீர் அள்ளும்போது மதில் ஓரத்தில் மோட்டர் உறுமியது. இப்போது அதை ஆணி என்று சொல்லக் காது இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் ஒழூவைப் பாதியில் விட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். நான்காம் நாள் இரண்டு தரம். பக்கத்தில் இருந்தவர், வயசு போகுது என்று நினைத்து இடம் விட்டுக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை பாங்கு சொல்லும் ஜெஸீமிடம் போனார்.

"மோட்டரைக் கழட்டோணும்."

"ஏன் நானா? நல்லாத்தானே ஓடுது."

"ஓடுது. பிழையா ஓடுது. என்ரை சுத்திலை பிழை இருக்கு."

 அந்த வசனத்தை அந்த வாயிலிருந்து கேட்ட முதல் ஆள் ஜெஸீம்தான். "நிர்வாகத்துக்கு என்னண்டு சொல்ல?" என்று கேட்டார்.

"இதைத்தான் சொல்லும். தண்ணிக்கு ரெண்டு நாள் வாளியாலை அள்ளச் சொல்லும். ஆரும் ஏசினால் என்னட்டை அனுப்பும்."

யாரும் ஏசவில்லை. அதுதான் அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது.

மோட்டரைக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மணந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு கொயிலாக வெட்டி எடுத்துக் கம்பிகளை எண்ணினார். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. நான்காவது, அறுபத்திரண்டு. திரும்ப எண்ணினார். திரும்பவும் அறுபத்திரண்டு. ஒன்று மெலிந்தால் மோட்டர் சமநிலை இழந்து, தொடங்கும்போது அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடப்பான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோன்பு நாள், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, தொண்டை காய்ந்து கிடக்க இதே மோட்டரைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். கொக்கியில் சிவப்புத் துணியும் தொங்கியது. ஜெஸீம் பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை வாளியில் தூக்கிக்கொண்டு வந்தவர். துணியைக் கண்டும், கஞ்சியோடு வருகிறவன் சலாம் சொல்லாமல் எப்படி உள்ளே வருவது என்று, மெதுவாக, மிக மெதுவாகத்தான் சொன்னார். நஸ்ருதீனின் முழங்கை உயர முன் அவர் வாய் பதில் சொல்லிவிட்டது. நாற்பத்தெட்டில் விட்டவர் ஐம்பத்தெட்டில் பிடித்திருக்கிறார். ஜெஸீமுக்கு இதை அவர் இன்றுவரை சொல்லவில்லை. கஞ்சி கொண்டுவந்த மனிதரிடம் போய் என்னவென்று சொல்வது?

சித்தி உள்வாசலிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை குறையுது?"

"பத்து."

கதிரை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. சித்தி ஒரு கையால் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஆடுகிற கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்தார்.

"நீங்க சுத்துங்கோ. நான் எண்ணுறன்."

"நீர் போய் இரும். நான் பாத்துக்கொள்ளுறன்."

"பாத்துத்தானே பத்தை விட்டீங்க. எனக்குக் கைதான் ஆடுது. வாய் ஆடேல்லை."

 எண்ணுவது நஸ்ருதீனுடையது. மூன்று வருடமாக எந்த வேலையையும் அவவிடம் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்தவர் அவர். அது பாசம் என்று நினைத்திருந்தார். பாசம்தான். ஆனால் அந்த மனுசி உள்வாசலில் இருந்து என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா என்று இன்றைக்குத்தான் யோசித்தார். கம்பியின் நுனியைச் சக்கரத்தில் மாட்டினார்.

"ஒண்டு" என்றார் சித்தி.

சித்தியின் எண்ணிக்கை நஸ்ருதீனுடையது போல முணுமுணுப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும் குரல், ரோட்டுக்குக் கேட்கும். முதல் கொயிலில் அவர் கொஞ்சம் விரைந்தார்; சித்தி விரையவில்லை. இரண்டாவதில் சக்கரம் குரலோடு சேர்ந்து வந்தது. எட்டுக் கொயிலும் ஒரே நாளில் முடிந்தன. கயிறு கட்டுவதையும் சித்தி விடவில்லை. மாலைக் குளிசை போட்டுக் கை அடங்கிய இரண்டு மணித்தியாலத்தில், முதல் முடிச்சைப் பல்லால் இழுத்து, பாதியைத் தானே கட்டினார். மிச்சப் பாதி நஸ்ருதீனுடையது. எது யாருடையது என்று குருடனும் தடவிச் சொல்லலாம்.

வியாழக்கிழமை மோட்டரைப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஜெஸீம் மூன்று தரம் தண்ணீர் இறைத்தார். முதல் தரத்துக்கு மட்டும் நஸ்ருதீன் மீற்றருக்கு முன்னால் நின்றார், பின்னறையில் கணக்கை நிறுத்தாமல். ஊசி இருநூற்றுப் பத்துக்கு இறங்கி, கண் மூடித் திறக்க ஏறியது. உறுமல் இல்லை. திரையில் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அன்று முதல் வரிசையில் இடம் இல்லை, ஐந்தாவதில் நின்று தொழுதார். தொழுதுவிட்டு வந்து பார்க்க, எண்பத்தொன்று எண்பத்திரண்டு ஆகியிருந்தது.

சனிக்கிழமை அருளம்பலத்தின் வெங்காயத் தோட்டத்து மோட்டர். பட்டினியில் செத்தது. சக்கரம் சுற்றுகிறது, சித்தி எண்ணுகிறார். ஐம்பத்தொண்டு, ஐம்பத்திரண்டு. ஜெஸீம் வாசலில் வந்து நிற்கிறார், கொக்கியில் துணியைக் காண்கிறார், திறந்த வாயை மூடுகிறார். மூடிய வாயோடு, நிர்வாகத்தில் எல்லோருக்கும் சந்தோசம் என்பதைக் கையால் சொல்லப் பார்க்கிறார். அது யாருக்கும் விளங்கவில்லை.

"சொல்லும்" என்கிறார் நஸ்ருதீன்.

ஜெஸீம் துணியைக் காட்டுகிறார்.

"பரவாயில்லை. சொல்லும்."

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்கிறார் ஜெஸீம், பாதிப் பயத்தோடு.

"வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்காத்துஹு" என்று நஸ்ருதீன் அவசரமில்லாமல், ஒரு எழுத்தும் விழுங்காமல், முழுதாகச் சொல்கிறார். இருவர் இருக்கும் இடத்தில் ஒருவர் பதில் சொன்னால் போதும் என்பதும் மார்க்கம்தான். சக்கரம் நிற்கவில்லை.

"ஐம்பத்தெட்டு" என்கிறார் சித்தி. "ஐம்பத்தொம்பது."

எழுபத்திரண்டில் நஸ்ருதீன் கம்பியை வெட்டிவிட்டு எழும்புகிறார். வாசலுக்குப் போய்க் கொக்கியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து, இரண்டு கையிலும் இருந்த கிறீசை அதில் துடைத்து, மேசைக்குக் கீழே கழிவுத் துணிப் பெட்டிக்குள் போடுகிறார்.